அணிலின் மேல் போட்ட பழி

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அடக்கமான பிள்ளை வளர்த்திருக்கிறாய் என்று ஊரில் சிலர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. எனக்குப் பாராட்டு வருவது மாரியில் ஒருதரம், கோடையில் ஒருதரம். வந்ததைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு நான் வளரவில்லை.

அடக்கம் ஒன்றும் இல்லை. அவளுடைய மேல்வரிசை முன்பற்களில், நடுவால், குறுக்கே ஒரு பள்ளம் ஓடுகிறது. ஈரச் சீமெந்தில் யாரோ ஈர்க்கால் கீறிவிட்டுப் போன மாதிரி. பள்ளத்துக்குள் தேத்தண்ணீர் நிறம். மற்றபடி ஒழுங்கான, உறுதியான பற்கள், தாயின் பற்கள். என்னுடையதைக் கொண்டு பிறக்காததற்கு அவள் கோயிலில் கற்பூரம் கொளுத்தலாம். என் வாயில் மேலே இருப்பது முழுவதும் கட்டுப்பல். ஒரு கலியாண வீட்டில் நான் சொன்ன பகிடிக்கு நானே சிரித்து, அது கழன்று பாயாசத்துக்குள் விழுந்து, பந்தியில் எனக்கு எதிரே இருந்த மூன்று பேர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார்கள். நான் மட்டும் பாயாசத்தை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

மகளுக்கு முதல் பால்பல் விழுந்தபோது ஆறு வயது. எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, இதை எடுத்துக்கொண்டு புதுசு தா என்று அணிலிடம் கேட்பார்கள். சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்கு, உடையார்கட்டுக்குத் திரும்பி வந்திருந்த எங்களுக்கு அப்போது கூரை என்று இருந்தது தகரம். எறிந்த பல் டங்கென்று விழுந்து, சரிந்து, என் தலைக்கே திரும்பி வந்தது. மூன்றுமுறை எறிந்தேன், மூன்றுமுறையும் வந்தது. நாலாம் முறை பல்லைச் சோற்றுக்குள் பொதிந்து எறிந்தேன். ஒட்டிக்கொண்டது. மகள் கைதட்டினாள். மனைவி, "சோத்தோட குடுத்தால் அணில் என்ன, ஆரும் வாங்குவினம்" என்றாள்.

புதுப்பல் முளைத்தது. முழுதாக வெளியே வந்தபோது பார்த்தால் நடுவில் கோடு.

"பிள்ளை, அணில் எங்களை ஏமாத்திப்போட்டுது" என்றேன். "ஆரோ பாவிச்ச பல்லை உனக்குத் தந்திட்டுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு பகிடி பிடித்துவிட்டால் அதை விடமாட்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். கோடு தெரிய அவளைச் சிரிக்கச் சொல்லிவிட்டு, "பாருங்கோ, அணிலின்ர கள்ளவேலை" என்பேன். எட்டு வயதுவரை அவளும் சேர்ந்து சிரித்தாள். பன்னிரண்டில் சிரிப்பது குறைந்தது. பதினைந்தில் கை வாய்க்குப் போகத் தொடங்கியது. நான் அதைக் கவனித்தது பதினாறில். கண்ணாடி போட்டிருக்கிறேனே தவிர, பார்வை எப்போதும் இப்படித்தான்.

அந்தக் கோட்டுக்கு வீட்டில் வேறு விளக்கங்களும் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்பது மனைவியின் விளக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த ஒரு அம்மா, ஒழுங்காகப் பல் மினுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதைத்தான் மகள் நம்பினாள். காலையில் மினுக்கினாள், பள்ளிக்கூடத்தால் வந்து மினுக்கினாள், படுக்கமுன் மினுக்கினாள். உப்புப் போட்டாள், கரி போட்டாள். பிரஷ்ஷின் தும்பு நாலாபக்கமும் விரிந்து பழைய விளக்குமாறு போலானது. கோடு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு அவளைத்தான் கேட்டார்கள். வீட்டில் அவள் கதைக்கத் தொடங்கினால் வானொலியை நிற்பாட்டிவிட்டுக் கேட்கலாம். மாட்டேன் என்றுவிட்டாள். மேடையில் ஏறிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச முடியாது.

பெற்ற பிள்ளை தன் வாயைத் திறக்க வெட்கப்படுகிறாள். அதை முதன்முதலில் ஊருக்குத் திறந்து காட்டிச் சிரித்தவன் நான். இதுவரைக்கும்கூட ஒரு தகப்பனின் முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். மிச்சத்தை அப்படித் தள்ள முடியாது.

எனக்குச் சந்தியில் ஒரு சின்னக் கடை. ரைப் செய்வேன், போட்டோக்கொப்பி எடுப்பேன். காணி உறுதி, மரண அறிவித்தல், வெளிநாட்டுக்கு அனுப்பும் விண்ணப்பம், எல்லாம் என் விரலால் போகும். ஆனால் கடையைத் தாங்குவது ரியூசன் மாஸ்ரர்மாரின் ரியூட்டுகள்தான். மாஸ்ரர் கையால் எழுதித் தருகிற பாடக்குறிப்பை நான் ரைப் செய்து, மகள் பிழை பார்த்து, கொப்பி அடித்துக் கொடுப்பேன். மகள் உயிரியல் படிக்கிறபடியால் உயிரியல் ரியூட்டை அவள் பார்க்காமல் விடமாட்டாள். பரிணாமம் என்கிற கூர்ப்பை நான் கூழ்ப்பு என்று அடித்து, ஒரு வகுப்பே சிரித்த கதை உண்டு.

போன மாதம் உயிரியல் மாஸ்ரர் ஏழு பக்கம் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது பாடத்திட்டத்தில இவ்வளவு இல்லை. ஆனாப் பிள்ளையளுக்கு ஆர்வம் வரும். நானே கன இடத்தில வாசிச்சு எழுதினனான்."

"என்ன விஷயம், மாஸ்ரர்?"

"பல்லு. கல்லாகிப்போன பல்லுகளை வைச்சுக் குரங்கையும் மனிசனையும் எப்பிடிப் பிரிச்சு அறியினம் எண்டது."

"அதுக்கேன் பல்லு? என்னைப் பாத்தால் தெரியாதோ?"

"உங்களைப் பாத்தால் குழப்பம்தான் கூடும், அண்ணை. நாளைக்குத் தாங்கோ" என்று சொல்லி அவர் மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார்.

மத்தியானம் சனம் இல்லாத நேரத்தில் ரைப் செய்ய இருந்தேன். மாஸ்ரரின் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் விஷயம் இழுத்துக்கொண்டு போனது. மண்ணுக்குள் போன உடம்பில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது பல்லாம். எலும்பு கரைந்துவிடும், நரி இழுத்துக்கொண்டு போய்விடும், பல் கிடக்கும். பழைய மனிதக்குரங்குகள் சிலவற்றைப்பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாடைத்துண்டும் நாலைந்து பல்லும் சொன்னதுதான். பல்லின் மேல் இருக்கிற வெள்ளை ஓட்டுக்கு மிளிரி என்று பெயர். அது மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் பழமும் இலையும் தின்ற பிராணி. தடித்திருந்தால் கொட்டையும் கிழங்கும் மண்ணோடு சேர்த்துக் கடித்தது. கடைவாய்ப்பல்லில் எத்தனை மேடு, அவற்றுக்கிடையில் பள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே, வாலுள்ள குரங்கு எது, வாலில்லாதது எது என்று பிரித்துவிடுகிறார்களாம். வாலைக் காணாமலே.

நான் செத்துப் பல காலம் கழித்து என்னைத் தோண்டுகிறவனை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அவனுக்குக் கிடைக்கப்போவது ஒரு பிளாஸ்ரிக் தட்டு. அதிலிருந்து என்ன தின்றேன், என்ன செய்தேன் என்று ஒரு மயிரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நேரத்தில் அது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

அடுத்த பக்கம் வேட்டைப்பல். ஆண் குரங்குக்கு அது கத்தி மாதிரி. ஒன்றையொன்று வெருட்ட, கடிக்க. மனித வழியில் வந்தவர்களுக்கு அது மிகப் பழங்காலத்திலேயே சிறுத்துவிட்டது. ஆண்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவது குறைந்ததால் இருக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்களாம். வன்னியில் இருந்துகொண்டு இதை நேராக முகத்தை வைத்து ரைப் செய்வது லேசான வேலை இல்லை. பல் சிறுத்ததற்கு அவர்கள் சொல்லும் காரணம் பிழை, கையில் வேறு சாமான் கிடைத்திருக்கும் என்று ஓரத்தில் எழுத விரல் உன்னியது. ரைப் செய்கிறவனுக்கு அடிக்குறிப்பு எழுத உரிமை இல்லை.

பிறகு வளர்ச்சி. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நிலைத்த கடைவாய்ப்பல் ஆறு வயதளவில் வருகிறது. சிம்பன்சிக் குட்டிக்கு அதில் பாதி வயதளவில் வந்துவிடும். மிகப் பழைய மனித முன்னோரின் பிள்ளைகளும் கிட்டத்தட்டக் குரங்கின் வேகத்திலேயே வளர்ந்ததைப் பல் காட்டுகிறது. நீண்ட பிள்ளைப்பருவம் பிறகு வந்த சங்கதி. பிள்ளையை அதிக காலம் பிள்ளையாக வைத்துக் காப்பாற்றக் கற்றதும் மனிதன் மனிதனானதில் ஒரு பங்கு என்று எழுதி, மாஸ்ரர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். நான் அதைத் தடித்த எழுத்தில் அடித்தேன். சிவப்புக்குத் தடிப்பு, அதுதான் எங்கள் கடை ஒழுங்கு.

ஏழாம் பக்கத்தில்தான் அந்தப் பந்தி இருந்தது.

மிளிரி ஒரேயடியாகப் பூசப்படுவதில்லை. நாளுக்கு ஒரு மெல்லிய படையாகப் படிகிறது. பிறந்த நாள்கூட அதில் ஒரு கோடாக நிற்கும். பிள்ளை கடும் நோயில் கிடந்தால், பட்டினி கிடந்தால், அந்த நாட்களில் படை சரியாகப் படியாது. பல்லுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் விழும். உடம்பு தோலை ஆற்றும், எலும்பைப் பொருத்தும். படிந்த மிளிரியைத் திருத்தாது. முளைக்கமுன், முரசுச் சதைக்குள் இருக்கும்போதே விழுந்த பள்ளம், பல் முளைத்து வெளியே வரும்போது கூடவே வரும். ஆதிக்குரங்குகளின் பற்களிலும் இந்தப் பள்ளங்கள் இருக்கின்றன. எந்தப் பல்லில், எந்த உயரத்தில் என்று பார்த்து, எத்தனை வயதில் பட்டினி என்று சொல்லலாம். மேல் முன்பல்லின் நடுவென்றால் ஏறக்குறைய இரண்டு வயது.

அதற்குக் கீழே இன்னும் நாலு வரி. ஒராங்குட்டான் குரங்கு பழம் இல்லாத காலங்களில் பெரிய குட்டிக்கும் திரும்பப் பால் கொடுக்கும். பழைய மனித முன்னோர் சிலரின் பற்களிலும் அதே தடம் இருக்கிறது: சாப்பாடு அருகிய காலத்தில் பிள்ளை திரும்பத் தாயின் பாலுக்கு வந்திருக்கிறது. மாஸ்ரர் இதற்கு அடிக்கோடு போடவில்லை.

என் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது.

போரின் கடைசி மாதங்களில் மகளுக்கு இரண்டு வயது. உடையார்கட்டை விட்டு எழும்பி, நாங்கள் கடற்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விடிய வரிசைக்குப் போனேன். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு பைக்கற் கிடைத்தது. அதைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு, வடலிப் பனைகளுக்குள்ளால் திரும்பி வந்தேன். நெஞ்சில் அது சூடாக இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

வடலிக்குள் ஒரு மனிசன் குந்தியிருந்தான். முன்னால் விரித்த துணியில் கொஞ்சப் புகையிலையும் சுருட்டும். நான் அதைக் கண்ணால் கண்டு இருபது நாளுக்கு மேல். அதுவரை ஒரு நாளைக்கு ஆறு சுருட்டு பிடித்த ஆள். தலைக்குள் யாரோ உலக்கை போடுவார்கள், மனைவி ஏதாவது கேட்டால் குரைப்பேன். பைக்கற்றில் ஒரு மூடியளவு கொடுத்து ஒரு சுருட்டு வாங்குவோம் என்றுதான் குந்தினேன்.

"உடைச்ச பைக்கற் எனக்கு வேண்டாம். முழுசாத் தா, இல்லாட்டி எழும்பிப் போ" என்றான்.

நான் எழும்பினேன். நாலடி நடந்தேன். அந்த நாலடியை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறேன், வேறொன்றும் என்னிடம் இல்லை. பிறகு திரும்பி வந்தேன்.

மூன்று சுருட்டும் ஒரு துண்டுப் புகையிலையும். முதலாவதை அந்த வடலிக்குள்ளேயே இருந்து பிடித்தேன். உள்ளதைச் சொன்னால், நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதைத்தான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லாமல் இருந்தேன்.

மனைவி பிள்ளையோடு பதுங்கியிருந்த பங்கருக்கு வந்து, செல் விழுந்தது, நிலத்தில் பாய்ந்து படுத்தேன், எழும்பிப் பார்த்தால் பைக்கற்றைக் காணவில்லை என்றேன். அது நம்ப முடியாத கதை இல்லை. அன்றைக்கு அப்படித் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்கள் வந்திட்டீங்கள், அதுவே எனக்குக் காணும்" என்றாள். பிறகு, பால் மறந்து பல மாதமான பிள்ளையை மடியில் கிடத்தி, மார்பைக் கொடுத்தாள். பிள்ளை இழுத்தது, அழுதது, திரும்ப இழுத்தது. அதில் என்ன இருந்திருக்கும்?

ஒரு பைக்கற் பால்மா அந்தக் கோட்டை இல்லாமல் பண்ணியிருக்குமா? பண்ணியிருக்காது. எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். ஒரு கிழமை, கூடினால் பத்து நாள். அந்தப் பள்ளம் மாதக்கணக்கானது. அதற்குள் என்னுடைய பத்து நாள் எது என்று எந்தப் பூதக்கண்ணாடியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது. செய்தவனின் வாயில் பிளாஸ்ரிக். சாட்சி பிள்ளையின் வாயில். அதையும் ஊரைக் கூப்பிட்டுக் காட்டி, அணிலின் மேல் பழியைப் போட்டு, பத்து வருடமாக ஒரு பகிடியை ஓட்டியிருக்கிறேன்.

நான் செய்தது இதுதான்: அந்தப் பந்தியை விட்டுவிட்டு ரைப் செய்தேன். ஏழாம் பக்கம் பாதியில் முடிந்தது. அழகாக இருக்கட்டும் என்று கீழே ஒரு பூ வேறு போட்டேன்.

பின்னேரம் மகள் கடைக்கு வந்து, மாஸ்ரரின் தாளை ஒருபக்கமும் என்னுடையதை மறுபக்கமும் வைத்துப் பிழை பார்க்கத் தொடங்கினாள்.

"அப்பா, கடைசியில ஒரு பெரிய பந்தி விடுபட்டுப் போச்சு."

"அது மாஸ்ரர் வேண்டாமெண்டவர்."

"எப்ப சொன்னவர்?"

"இப்பதான். போனில."

"உங்கட போன் வீட்டில கிடக்கு. அம்மா அதில நாடகம் பாத்துக்கொண்டிருக்கிறா."

"கடைப்பக்கமா வந்து சொன்னவர்."

"அப்பா." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கேன் பூப் போட்டனீங்கள்?"

அவள் பந்தியை வாசித்தாள். முதலில் சத்தமாக, பிழை பார்க்கிற குரலில். பாதியில் சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு என் மேசையிலிருந்த, கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்தாள். சுவரில் தொங்குகிற, முகவெட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, உதட்டைத் தூக்கி, அடிமட்டத்தைப் பல்லில் வைத்தாள். நான் இல்லாத பிழை ஒன்றைக் கணினியில் தேடிக்கொண்டிருந்தேன்.

"நடு" என்றாள். "சரியா நடு." திரும்பி என்னைப் பார்த்தாள். "ரெண்டு வயசு. அப்பா, அப்ப நான் மினுக்காததால இல்லை."

"இல்லைப் பிள்ளை."

"இவ்வளவு நாளும் உரஞ்சின உரஞ்சுக்கு..." அவள் சிரித்தாள், கை வாய்க்குப் போனது, பாதி வழியில் நின்றது. "எங்கட வகுப்பில கனபேருக்கு இருக்கு. எல்லாரும் ஒளிக்கிறம். ஒருத்தரும் பிழை செய்யேல்லை."

நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டாள். கிட்ட வந்து என் தோளில் கையை வைத்தாள்.

"இதுக்கே அந்தப் பந்தியை எடுத்தனீங்கள்? நான் கவலைப்படுவன் எண்டே? விசரப்பா. அப்ப எல்லாருக்கும்தான் இல்லை. நீங்களும் எவ்வளவு அலைஞ்சிருப்பீங்கள், பாவம்."

பாவம் என்றாள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த அடிகளில் அது ஒன்று. "சொல்லு, அடிக்கிறன்" என்றேன். அவள் வாசிக்க வாசிக்க, விட்ட பந்தியை அவளுடைய குரலிலிருந்தே திரும்ப ரைப் செய்தேன். பூவை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வேறு பிள்ளையானாள். ரியூட் வந்த அன்று வகுப்பில் பெட்டைகள் எல்லோரும் ஒருத்தியின் பல்லை ஒருத்தி பார்த்தார்களாம், அளந்தார்களாம். "எங்களுக்குப் பிறப்புப் பத்திரம் வாயிலயே கிடக்கு" என்று இவள் சொல்ல, மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். வாய் பொத்துவது முழுக்க நிற்கவில்லை. ஆனால் சில நேரம் மறந்துபோய் முழுச் சிரிப்பாகச் சிரித்துவிடுவாள். நான் அந்தச் சிரிப்பை எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல் முளைத்தால் எங்கள் ஊரில் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் சொரிவார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில், மெல்லிதாக வெட்டிய தேங்காய்ச் சொட்டைச் சின்னச் சின்னப் பல்லாகக் குத்தி வைப்பார்கள். மனைவி அதில் கைகாரி என்று அவளிடம் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். குசினியில் அவள் சொட்டு வெட்ட, மகள் மாவைத் தட்டிப் பயறு வைத்து மூட, எனக்குப் பல் குத்துகிற வேலை. நான் ஒரு கொழுக்கட்டைக்கு முன்பல்லை விட்டுக் குத்தி, "இது என்ர சாயல்" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என்ர பேச்சின்ர தொடக்கத்தைக் கேளுங்கோ" என்றாள் மகள். இரண்டு கையும் மா. தலையால் முடியை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து இருந்து சொன்னாள். தன் பல்லில் ஒரு கோடு இருப்பதில் தொடங்கினாள். கல்லாகிப்போன பற்களைச் சொன்னாள். பிறகு, செல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகலில், தன்னுடைய தகப்பன் ஒரு பைக்கற் பால்மாவுக்காக விடியத் தொடக்கம் வரிசையில் நின்ற கதைக்கு வந்தாள். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடிவந்ததும், செல்லுக்குப் பாய்ந்தபோது அது தவறிப்போனதும். 'அந்தப் பால்மா என்னிடம் வந்து சேரவில்லை, என் அப்பா வந்து சேர்ந்தார்' என்று முடித்து, "எப்பிடி?" என்றாள்.

நன்றாக இருந்தது. அவளுடைய குரலில் அது உண்மைபோல இருந்தது.

"உனக்கு இதை ஆர் சொன்னது?"

"அம்மாதான். நான் கேட்டனான்."

மனைவி சொட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இந்தப் பேச்சை முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால், வாயைத் திறந்து, கோடு தெரிய, இவள் சொல்லப்போகிறாள். முதன்முதலாக மேடையில் ஏறுகிறவள் என் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறாள். கையிலிருந்த சொட்டைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, அந்த இடத்தை மாத்து. செல்லில துலையேல்லை. நான்தான் குடுத்தனான்."

"ஆருக்கு?"

"ஒருத்தனுக்கு. சுருட்டுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல எழும்பியது.

"எத்தினை சுருட்டு?"

"மூண்டு. ஒரு துண்டுப் புகையிலையும்."

அவ்வளவுதான். அவள் வெடித்துச் சிரித்தாள். தலையைப் பின்னால் போட்டு, கண்ணில் தண்ணீர் வர. இரண்டு கையும் மா. வாயைப் பொத்த வழியில்லை. நாலு பல்லும், நாலு கோடும், காலை வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தன. இந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நாளும் தவம் கிடந்தேன்.

"அம்மா, கேட்டீங்களே? ஒரு துண்டுப் புகையிலையுமாம்! அணிலை விட்டிட்டு இப்ப தனக்கே சுத்துறார். அப்பா, பகிடிக்கும் ஒரு அளவு வேணும்."

"பகிடியில்லைப் பிள்ளை."

"இந்த முகத்தை வைச்சுக்கொண்டு சொன்னால் ஆர் நம்பும்? அம்மா, நீங்களே சொல்லுங்கோ. பொய்தானே?"

ஐம்பது வயதுவரை எதைச் சொன்னாலும் சிரிக்கவைத்த மனிசனுக்கு, சிரிக்கக்கூடாததைச் சொல்ல வேறு முகம் கிடையாது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஓமென்று தலையாட்டினால் போதும், பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் கத்தியை வைத்தாள். சொட்டுகளை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கினாள்.

"அண்டைக்கு அவர் பங்கருக்குள்ள இறங்கேக்கயே சுருட்டு மணத்தது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். பதினாறு வருடம் அதை வைத்திருந்தவள், கேட்ட பிள்ளைக்கு வேறு கதையைச் சொல்லி என்னைக் காப்பாற்றியவள், நேருக்கு நேர் கேட்டபோது மட்டும் பொய் சொல்ல மறுத்துவிட்டாள்.

மகளின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. ஓடிவந்த சைக்கிள் மிதிக்காமலும் கொஞ்சத் தூரம் போகுமே, அப்படிப் போய் நின்றது. என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். மா அப்பிய கை மெல்ல எழும்பி வாயைப் பொத்தியது. கையை எடுத்தபோது உதட்டிலும் கன்னத்திலும் வெள்ளை. அதைத் துடைக்காமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அவள் வாய் கொப்பளித்தது கேட்டது.

"மிச்சத்துக்கும் பல்லைக் குத்துங்கோ" என்றாள் மனைவி. "அவையள் பிள்ளையைக் கொண்டு வரப்போகினம்."

குத்தினேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தலையில் வெள்ளைத் துணி பிடித்து, நான் பல் வைத்த கொழுக்கட்டைகளைச் சொரிந்தார்கள். அது உருண்டு விழுந்த ஒன்றைப் பிடித்து, தன்னுடைய ஒற்றைப் பல்லால் கடித்துப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கட்டுப்பல் அன்றைக்கு ஒழுங்காக இருந்தது.

பேச்சுப் போட்டிக்கு மகள் போனாள். என்னை வரவேண்டாம் என்றாள். அந்த இடத்தை மாற்றினாளா, என்னவென்று மாற்றினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. இரண்டாம் இடம் கிடைத்தது. சான்றிதழைக் கொப்பி எடுக்கக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"எத்தினை கொப்பி, பிள்ளை?"

"ஒண்டு."

"அணிலுக்கு ஒண்டு வேண்டாமே?" என்று கேட்டுவிட்டேன். நாக்கு அப்படிப்பட்டது. தனக்குத்தானே ஓடும்.

அவள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காததால் வாயைப் பொத்தவும் தேவைப்படவில்லை.